நுண்ணிய அல்ட்ராசோனிக் பயோசென்சர் செய்ய ஈயமில்லா பைசோ பொருள்களில் எதற்கு டி33 அதிகம்? எதை எடுக்கலாம்?

"கைடு கேஎன்என் எடுக்கச் சொல்கிறார், எனக்கு பேரியம் டைட்டனேட் பிடித்திருக்கிறது, எதற்கு டி33 அதிகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (கேஎன்என் என்பது பொட்டாசியம் சோடியம் நையோபேட். இரண்டுமே ஈயமில்லாத பைசோ செராமிக்குகள். டி33 என்ன என்று கீழே சொல்கிறேன்.) வேறு மாதிரி கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். இதே கேள்வியோடு லேபுக்குள் போய் இரண்டரை வருஷத்தைத் தொலைத்தவன் நான்.

நீங்கள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இப்போதுதான் பிஎச்.டி. சேர்ந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். லேபில் ஒரு மஃபிள் ஃபர்னஸ், ஒரு ஹைட்ராலிக் பிரஸ், வேறு டிபார்ட்மென்டில் கெஞ்சி வாங்கும் பால் மில் (குண்டுகள் போட்டுப் பொடி அரைக்கும் மெஷின்) இருக்கும். இதைவிட வசதியான இடம் என்றால் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

பைசோ பொருளை அழுத்தினால் மின்னூட்டம் வரும். மின்னழுத்தம் கொடுத்தால் அது நெளியும். முதலாவது 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டது. ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிகோகூலம் வருகிறது என்பதுதான் டி33. ஸ்கேன் மெஷின் ப்ரோப்களில் காலங்காலமாக இருப்பது பிஇசட்டி, அதாவது ஈய சிர்கோனேட் டைட்டனேட். அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை போட்டபோதுகூட, சரியான மாற்று இல்லை என்று பைசோ செராமிக்குக்கு விலக்குக் கொடுத்தது. 2004-ல் டொயோட்டாவின் ஆய்வகம், கேஎன்என் வகையில் 416 எடுத்துக் காட்டியது. 2009-ல் பேரியம் டைட்டனேட் வகையில் 620 வந்தது. உங்கள் கைடும் என் கைடும் அந்த எண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

(இங்கே ஈயம் என்று நான் எழுதுவது காரீயம். வீட்டில் "ஈயமில்லாத பொருள் செய்கிறேன், ஈயம் நரம்புக்குக் கெடுதல்" என்று சொன்ன மறுநாளே அம்மா ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டார். அது வெள்ளீயம், வேறு உலோகம் என்று புரியவைத்து இறக்க மூன்று மாதம் ஆயிற்று.)

கேஎன்என் செய்வது கேட்க எளிது. பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட், நையோபியம் ஆக்சைடு எடைபோட்டு, எத்தனாலில் அரைத்து, 850 டிகிரியில் சுட்டு, பி.வி.ஏ. பசை கலந்து வில்லையாக அழுத்தி, 1100 டிகிரி பக்கத்தில் மறுபடி சுட வேண்டும். 1140 பக்கம் போனால் உருக ஆரம்பிக்கும். 1050-ல் நிறுத்தினால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நவம்பர் மழையில் தராசில் வைத்தால் கண்ணெதிரே எடை ஏறும். நான்காவது தசமத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கும், எதை எழுதுவது என்று தெரியாது. அப்படி எடைபோட்ட வில்லைகள் சுட்டு எடுத்தபோது அழகாகவே இருந்தன. ஈரம் அண்டாமல் வைக்கும் டெசிக்கேட்டருக்கு வெளியே வைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தால் பட்டர் பேப்பரில் பொரிவிளங்காய் உருண்டை நொறுங்கிய மாதிரி கிடந்தன.

முதல் வருஷம் டி33 நாற்பதைத் தாண்டவில்லை. அப்புறம் லித்தியம், டாண்டலம், ஆன்டிமனி எல்லாம் சேர்த்து, சிலிகோன் எண்ணெயில் போட்டு போலிங் செய்து (அதிக மின்னழுத்தம் கொடுத்து உள்ளிருக்கும் மின்முனைகளை ஒரே பக்கம் திருப்புவது) 210 எடுத்தோம். கைடு ஸ்வீட் வாங்கித் தந்தார்.

பிறகுதான் சென்சார். வில்லையின் தடிமன் குறையக் குறைய அதிர்வெண் ஏறும். 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 2, 3 மெகாஹெர்ட்ஸ். நுண்ணியது என்று தலைப்பு வைத்துவிட்டதால் எமரி பேப்பரில் தேய்த்து 0.2 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். பத்தில் ஏழு உடைந்தது. பயோடெக்கில் ஒரு அக்கா ஸ்காலர், மீதியின் மேல் குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசித் தந்தார். மேலே புரதம் ஒட்டினால் எடை கூடும், அதிர்வெண் இறங்கும், கணக்கு அவ்வளவுதான். புரதம் போட்ட உப்புக் கரைசலில் (பஃபர்) இறக்கினோம். அதிர்வெண் சீராக இறங்கியது. நான் கிராஃப் போட்டு, கட்டுரைக்கு அறிமுகப் பத்திகூட எழுதிவிட்டேன். அக்காதான், "தம்பி, புரதம் போடாம வெறும் பஃபர்ல ஒரு தடவை ஓட்டுப்பா" என்றார். ஓட்டினோம். அதே இறக்கம், அதே வளைவு. வில்லையின் ஓட்டைகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. நாங்கள் அளந்தது அதைத்தான்.

போதாக்குறைக்கு, தடிமன் வாக்கில் துடிக்கும் தகடு நீருக்குள் தன் ஆற்றலை ஒலியாகக் கொட்டிவிடும். ஒத்ததிர்வு முகடு படுத்துவிடும். பக்கவாட்டில் அசையும் தகடுதான் நீரில் தாங்கும். குவார்ட்ஸ் படிகத் தகடு அப்படித்தான் அசைகிறது. குவார்ட்ஸுக்கு பைசோ எண் வெறும் 2.3. ஆனாலும் 5 மெகாஹெர்ட்ஸ் தகட்டில் ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர செ.மீ.க்கு 17.7 நானோகிராம் ஒட்டியிருக்கிறது என்று அது கணக்குச் சொல்லும். என் 210 எதையும் சொல்லவில்லை.

கேஎன்என்-இல் பட்டம் வாங்கியவர்கள் கமென்டில் சண்டைக்கு வருவார்கள், தெரியும். பொருள் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. உடலுக்குள் வைத்து வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டால் சக்தி ஊட்டும் கருவி என்றால் டி33 வேண்டும்தான். 2016-ல் பெர்க்லியில் செய்த நரம்பு சென்சார் துகளில் இருந்தது பிஇசட்டி. அந்த இடத்துக்கு வர கேஎன்என்-க்குத் தகுதி உண்டு. எதுவும் சேர்க்காத கேஎன்என்-க்கு கியூரி வெப்பநிலையும் (அதைத் தாண்டினால் பைசோ குணம் போய்விடும்) 400-க்கு மேல். நீங்கள் ஆசைப்படும் பேரியம் டைட்டனேட்டுக்கு அது 120 டிகிரி. ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ் 121. ஒரே ஒரு தடவை ஸ்டெரிலைஸ் செய்தால் நீங்கள் போலிங் செய்ததெல்லாம் போச்சு. அந்த 620 எடுத்த பொருளுக்கோ 93 டிகிரிதான்.

நிஜமாகவே நுண்ணிய எடை சென்சார்தான் வேண்டுமென்றால் அலுமினியம் நைட்ரைடு படலத்தைப் பாருங்கள். டி33 ஐந்துதான், ஸ்காண்டியம் கலந்தால் இருபத்தைந்து சொச்சம். ஆனால் சிலிக்கான் சிப்பிலேயே படிய வைக்கலாம், கிகாஹெர்ட்ஸில் துடிக்கும், உங்கள் போன் ஃபில்டரிலேயே இருக்கலாம். அச்சைச் சாய்த்து வளர்த்தால் பக்கவாட்டிலும் அசையும். என்ன, தூசி புகாத சுத்த அறை வேண்டும். நாங்கள் வேறு ஊரில் ஒரு இடத்துக்கு எழுதினோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, கட்டணப் பட்டியலோடு.

கட்டணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபெலோஷிப் மாதாமாதம் வரும் என்று நம்பி பைக் லோன் போடாதீர்கள். எனக்குப் பதினோரு மாதம் நின்று, மார்ச் கடைசியில் மொத்தமாக வந்து, அதற்கு வரி பிடிப்பார்களா மாட்டார்களா என்று ஆபீசில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. வீட்டு ஓனரிடம் நான் சொன்ன பொய்களை வைத்து இன்னொரு தீசிஸ் எழுதலாம்.

சரி, உங்கள் கைடை மாற்ற முடியாது, கேஎன்என்தான் என்று ஆகிவிட்டால்: சென்சார் வேலையைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் வில்லை வந்ததுமே, டி33 முப்பதானாலும் பரவாயில்லை, வெறும் பஃபரில் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி 95 சதவீதம் வராத வில்லையைத் தேய்க்க உட்காராதீர்கள். கார்பனேட்டை 200 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்க வைத்து, டெசிக்கேட்டரில் ஆறவிட்டு, வெளியே எடுத்த உடனே எடைபோடுங்கள். ஓவன் கதவில் "அணைக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை, வாட்ச்மேன் அண்ணன் கரண்ட் வீணாகிறது என்று தினமும் பத்து மணிக்கு அணைத்துக்கொண்டிருந்தது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.