அரை டாக்டர் வேண்டாம், முழு நர்ஸ் ஆகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் பிராணிகள் கிளினிக்கில் சில வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன். ஊசிக்குப் பிடிப்பது, ஆபரேஷன் தியேட்டர் தயார் செய்வது, ஆபரேஷன் முடிந்த நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் வீட்டில், "நாய் குளிப்பாட்டுறதுக்கா டிகிரி படிச்சே?" என்கிறார்கள். சம்பளமும் குறைவு. தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்து ஊசி போடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதில் காசு கிடைக்கும். இதிலேயே முன்னேற முடியுமா? சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் அந்த வீட்டு ஊசி விஷயத்தை முடித்துவிடுவோம். போகாதீர்கள். காசு எவ்வளவு வந்தாலும் போகாதீர்கள்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 30ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நோயைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்வது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு போன்ற சிறு சேவைகளைக்கூட, அதற்கென்று சான்றிதழ் வாங்கியவர்கள், மாநில அரசு அனுமதித்தால், ஒரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்யலாம். சட்டத்தை விடுங்கள். தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் ஒரு நாய்க்கு ஒவ்வாமை வந்து முகம் வீங்கி, மூச்சு திணறினால், யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்? பிராணி போய்விடும், இத்தனை வருடம் சம்பாதித்த நல்ல பெயரும் அதோடு போய்விடும்.

உங்களைப் போன்ற கைதேர்ந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். கொஞ்சம் வேலை பழகியதும் அரை டாக்டர் ஆகப் பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு வழி. முழு நர்ஸ் ஆகுங்கள். அந்த இடம் நம் ஊரில் கிட்டத்தட்ட காலியாகவே கிடக்கிறது.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாக மருத்துவர்களை உருவாக்குகிறோம். அரசுத் துறையில் கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிளினிக்கில் பிராணியின் பக்கத்தில் நின்று கவனிக்கும் நர்ஸுக்கென்று, மனிதர்களுக்கான நர்ஸிங்கில் இருப்பதுபோல் ஒரு படிப்பு, ஒரு பதிவேடு, ஒரு சீரான பாதை நமக்கு இன்னும் அமையவில்லை. பிரிட்டனில் இதற்கான முறையான பயிற்சி 1961லேயே தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் அவர்களை நர்ஸ் என்று அழைக்கக்கூட அனுமதி இல்லை, உதவியாளர்கள்தான். அந்தப் பெயர் 1984இல்தான் கிடைத்தது. இன்று அங்கே பதிவு பெற்ற நர்ஸ்கள் ஆண்டுக்கு 15 மணி நேரமாவது புதிதாகக் கற்றுக்கொண்டாக வேண்டும். அங்கே படிக்கும் மாணவிக்கு கிளினிக்கிலேயே ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று பழக்குவார், சரியாகச் செய்கிறாளா என்று பார்த்துக் கையெழுத்தும் போடுவார். உங்கள் கிளினிக்கில் நீங்கள் கையெழுத்தில்லாமல் செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான்.

சரி, முழு நர்ஸ் ஆவது எப்படி? ஒரு விஷயத்தை எடுத்து ஆழமாகப் போங்கள். என்னைக் கேட்டால் மயக்க மருந்து கொடுத்த பிராணியைக் கண்காணிப்பதுதான் முதல். ஆபரேஷன் நேரத்தில் டாக்டரின் கண் கத்தி முனையில் இருக்கும். அந்த உயிர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு வேறு ஒருவர் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பு, மூச்சு, ஈறின் நிறம், தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, உடல் சூடு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாய்க்கு இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மயக்கத்தில் சின்ன உடம்புக்காரர்களுக்கு அது மளமளவென்று இறங்கும். ஏ.சி. அறையில் ஈரத் துணியோடு கிடத்தினால் இன்னும் சீக்கிரம். ஒரு பொமரேனியன் ஆபரேஷனைத் தாங்கிவிட்டு, அதன்பிறகு எழுந்திருக்கத் திணறுவதற்கு இந்தக் குளிர் பல நேரம் காரணமாகிறது. இதை முதலில் கவனிப்பவர் நர்ஸ்தான்.

அப்புறம் வலி. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது என்பார்கள். பார்க்கத் தெரிந்தவருக்குக் காட்டும். காதின் நிலை, கண் சுருங்கியிருப்பது, மூஞ்சியின் இறுக்கம், மீசை நிற்கும் விதம், தலையைத் தாழ்த்தி வைத்திருப்பது என்று ஐந்தை வைத்து மதிப்பெண் போடும் முறை ஒன்றைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். கொஞ்ச நேரம் கவனித்து எண் எழுதிவிடலாம், கருவி எதுவும் வேண்டாம். "பூனை ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்வதற்கும் எண்ணோடு போய் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள். எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்வார். மருந்து வேண்டும் என்பதை அவர் கண்முன் கொண்டுவருவது நீங்கள்.

இனி சொல்லிக்கொடுப்பது. அதைத் தொழிலாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் போர்டு மாட்டி வகுப்பு நடத்துவதில் ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் கிளினிக்கிலேயே ஆரம்பியுங்கள். மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாயான கேனுலாவை பிளாஸ்டர் போட்டு நிறுத்துவதையே எடுத்துக்கொள்வோம். முதல் தடவை, புதிதாக வந்த பெண்ணுக்கு ஒன்றும் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து நிறுத்தி நிறுத்தி, ஏன் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாவது தடவை கை உங்களுடையது, வாய் அவளுடையது. அடுத்து என்ன என்று அவள் சொல்ல வேண்டும். நான்காவது தடவை அவளே செய்யட்டும். மருத்துவக் கல்விக்காரர்கள் பல காலமாகக் கையாளும் முறை இது. அந்த மூன்றாவது படியை நாம்தான் பொறுமையில்லாமல் தாவிவிடுகிறோம். அவளுக்கு எது புரியவில்லை என்று தெரிவதே அங்கேதான்.

சொல்லிக்கொடுப்பதை எழுதியும் வையுங்கள், தமிழில். பார்வோ (நாய்க்குட்டிகளுக்கு வாந்தியும் பேதியும் கொடுத்து வேகமாகப் பரவும் வைரஸ் நோய்) வந்த குட்டி இருக்கும் கூண்டை எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு ஒரு பக்கம் போதும். கை தேய்க்கும் ஆல்கஹால் திரவம் பார்வோ கிருமியிடம் பலிக்காது, முதலில் அழுக்கை முழுக்கக் கழுவி எடுத்த பிறகு பிளீச்சிங் கரைசல் போட வேண்டும், அந்தக் கூண்டைப் பார்ப்பவர் மற்றக் குட்டிகளைத் தொடக் கூடாது. இப்படிப்பட்ட பக்கங்கள் சேரச் சேர அதுவே உங்கள் பாடப் புத்தகம். இன்னொரு கிளினிக் டாக்டர் அதைப் பார்த்தால், "எங்க பிள்ளைகளுக்கும் வந்து சொல்லிக்கொடும்மா" என்று கேட்பார். வாய்ப்பு அப்படித்தான் வரும். ஊட்டியில் வேர்ல்ட்வைட் வெட்டர்னரி சர்வீஸ் என்ற பிராணிகள் நல அமைப்புக்குப் பயிற்சி மையம் இருக்கிறது, சென்னையில் புளூ கிராஸ் இருக்கிறது. உதவியாளர்களுக்குப் பயிற்சியோ தன்னார்வ வேலையோ உண்டா என்று எழுதிக் கேளுங்கள். நிறையப் பிராணிகள் வரும் இடத்தில் கை சீக்கிரம் தேறும்.

ரேபீஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? கடிபடுவதற்கு முன்பே போடுவதைச் சொல்கிறேன். இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போக வேண்டும். புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் நாள் பாடமும் இதுவே. ரேபீஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. தடுப்பூசி போடாத ஆளை நாய்க்கூண்டுப் பக்கம் அனுப்பும் கிளினிக்கில் வேலை செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

சம்பளத்தை டாக்டரிடம் நேராகப் பேசுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று மாதம் குறித்த மயக்கக் கண்காணிப்புத் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரைப் பழக்கினீர்கள், அவர்கள் இப்போது எதைத் தனியாகச் செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூத்த நர்ஸ் என்ற பொறுப்பும், பயிற்சிக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரமும், அதற்கேற்ற சம்பளமும் கேளுங்கள். மறுத்தால் அதே தாள்களோடு வேறு கிளினிக்கில் பேசலாம். அம்மாவிடமும் அதில் ஒன்றைக் காட்டுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் இதுவரை பார்த்திருக்க வாய்ப்பே இல்லையே.