ஹெட்டைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் பிளாக்கின் மேல்தளத்தை எப்படித் தயார் செய்வது?

ரேடியேட்டர் குழாய் வெடித்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதால் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றியிருப்பதாகவும், சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் மேல்தளத்தில் பழைய கேஸ்கெட்டின் (இரண்டுக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் தகட்டின்) பூச்சு திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதாகவும், கிரைண்டரில் உராய்வுத் துகள் கலந்த நார் டிஸ்க் பொருத்தி அதைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேய்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். ஒட்டியிருப்பதை நீக்குவதுதான் இங்கே நம் வேலை. இரும்பைத் துளியும் குறைக்கக் கூடாது.

உங்களுடையது 1248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின் என்பதால் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள தளத்தில் வெப்பம் 80 டிகிரி உயர்ந்தால், இரண்டும் தடையின்றி விரிவதாகக் கொண்டால், அவற்றின் விரிவுக்கு இடையிலான வேறுபாடு 0.4 மில்லிமீட்டரை நெருங்கும். எஞ்சினை இயக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த உரசலைத் தாங்கிக்கொண்டே, எரியறையின் அழுத்தத்தையும் தண்ணீரையும் ஆயிலையும் கேஸ்கெட் தனித்தனியே அடைத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டின் மேலுள்ள ரப்பர் பூச்சு மிக மெல்லியது. தளத்தின் சொரசொரப்பு ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குள் இருந்தால் மட்டுமே அது நன்றாக அடைக்கும். நார் டிஸ்க் தளத்தைப் பளபளப்பாகக் காட்டினாலும் கை அழுந்திய இடங்களில் பள்ளம் பறித்துவிடும். அதிலும் இரண்டு சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதியில், அதாவது கேஸ்கெட் முதலில் விட்டுக்கொடுக்கும் அதே இடத்தில், பள்ளம் எளிதாக விழும்.

இதைவிடப் பெரிய ஆபத்து டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள். அது அலுமினியம் ஆக்சைடு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் எஃகைவிடக் கடினமானது. ஆயில் துளை வழியாகவோ சிலிண்டர் சுவர் வழியாகவோ அது உள்ளே இறங்கினால் கிராங்க்கைத் தாங்கும் பேரிங்கின் மென்மையான உலோகத்தில் பதிந்துகொண்டு கிராங்க்கை அறுக்கத் தொடங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த டிஸ்க்குகளைக் கேஸ்கெட் தளங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று தன் சர்வீஸ் அறிவிப்பிலேயே எச்சரித்திருக்கிறது. ஹெட் வேலை அருமையாக முடிந்த வண்டி சில மாதங்களில் பேரிங் தட்டும் சத்தத்தோடு திரும்பி வந்தால், இந்தத் துகளையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே முதலில் பிஸ்டன்களைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். கிராங்க்கைத் திருப்பும்போது டைமிங் செயினைக் கம்பியால் கட்டி மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் கீழே பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். சிலிண்டர்களையும் ஆயில், தண்ணீர் துளைகளையும் நார் உதிராத துணியால் அடைத்துவிட்டு, கேஸ்கெட் நீக்கும் ரசாயனத்தைப் பூசி, அது ஊறும்வரை பொறுத்திருங்கள். இந்தப் பொறுமைதான் பாதி வேலை. ஊறிய பூச்சைப் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளலாம். வார்ப்பிரும்பில் பிளேடையும் படுக்கைவாட்டில் பிடித்து ஓட்டலாம். ஆனால் ஹெட்டின் அலுமினியத் தளத்தில் பிளேடு கீறிவிடும் என்பதால் அங்கே பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போல்ட் துளைகளைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அந்தத் திரவம் போக வழியின்றிப் பக்கச் சுவரை அழுத்தி பிளாக்கையே வெடிக்கச் செய்யக்கூடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் முழு முறுக்கைக் காட்ட, ஹெட் இறுகாமலே இருந்துவிடும். ஒவ்வொரு துளையையும் திரவம் தெளித்துக் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, கண்ணாடி அணிந்துகொண்டே டார்ச் அடித்து அடிவரை பாருங்கள். மரையைச் சுத்தம் செய்யப் புதிய மரை வெட்டும் டேப்பை நுழைக்காதீர்கள். அது இருக்கும் மரையை மெலியச் செய்யும். மரை துலக்கும் கருவி கிடைக்காவிட்டால், பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் பள்ளம் அறுத்து, அதையே கையால் ஏற்றி இறக்கினால் போதும்.

தளம் சுத்தமான பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர் விளிம்புள்ள சட்டத்தை) நீளத்திலும் அகலத்திலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே பல எஞ்சின்களுக்கு அது எல்லை. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறியிருப்பதால் ஹெட் வளைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைத் தவறாமல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். பிளாக் வளைவது அரிது. அப்படி வளைந்திருந்தால் உடனே மேல்தளத்தைச் சீவச் சொல்லிவிடாதீர்கள். டீசலில் பிஸ்டன் தளத்துக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்பது மிக நுணுக்கமான அளவு. சீவச் சீவ அந்த எழுச்சி கூடி, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும்.

கடைசியில் அடைப்புத் துணிகளை எடுத்து, சிலிண்டர் ஓரங்களைத் துடைத்துச் சுவரில் லேசாக ஆயில் தடவிவிட்டு, தளத்தை மட்டும் துணியில் கறுப்பு ஒட்டாத நிலை வரும்வரை பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஹெட்டைச் சரியான இடத்தில் அமர வைக்கும் டோவல்கள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கேஸ்கெட்டைப் பசை எதுவும் பூசாமல் உலர்ந்த நிலையிலேயே வையுங்கள். அதன் பிறகு விரல்கூட அந்தத் தளத்தில் படாமல் ஹெட்டை நேராக இறக்கி, புதிய போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் வரிசையிலும் கோணத்திலும் முறுக்கலாம்.