முடிவு தெரிந்த ஃபேன்டஸி நாவலை ஏன் மறுபடியும் படிக்கிறார்கள்?

முதல் வாசிப்பில் நம் கவனத்தில் பாதி, அந்த உலகத்தைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடுகிறது. யார் எந்தக் குலம், மந்திரத்துக்கு என்ன விதி, வரைபடத்தில் அந்த மலை எங்கே என்று தடுமாறிக்கொண்டே, அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பில் பக்கங்களை ஓட்டுகிறோம். இரண்டாம் முறை அந்தச் சுமை இல்லை. எழுத்தாளர் முன்கூட்டியே விதைத்து வைத்தவை அப்போதுதான் கண்ணில் படும்.

ஹாரி பாட்டர் வரிசையையே பாருங்கள். 1997இல் வந்த முதல் நாவலின் முதல் அத்தியாயத்தில் ஹாக்ரிட் என்பவர் பறக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். வண்டி யாருடையது என்று கேட்டால், சிரியஸ் பிளாக்கிடம் இரவல் வாங்கியது என்கிறார். அவ்வளவுதான், யாரும் அந்தப் பெயரைக் கவனிப்பதில்லை. 1999இல் வந்த மூன்றாம் நாவல் முழுவதும் அந்த மனிதரைச் சுற்றித்தான். ஐந்தாம் நாவலில் பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது, யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட் ஒரே வரியில் வந்து போகிறது. அந்த லாக்கெட் எவ்வளவு முக்கியமானது என்று ஏழாம் நாவலில் தெரிந்துகொண்டவருக்கு அந்த வரியைத் தாண்டிப் போகவே மனம் வராது. எனக்கு மறுவாசிப்பின் முதன்மையான இன்பம் இதுதான்.

பாத்திரங்களும் மாறித் தெரிகிறார்கள். ஸ்னேப் முதல் வாசிப்பில் வெறும் கொடுமைக்கார ஆசிரியர். அவருடைய கதை தெரிந்தபின், அதே வசனங்களில் பழைய காயம் கேட்கிறது. கொடுமை என்னவோ கொடுமைதான், அதை நான் மன்னிப்பதில்லை.

ஒரு யோசனை: முடித்த கையோடு மீண்டும் தொடங்காதீர்கள். சில்லறை விவரங்கள் மறக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு எடுங்கள்.