பழைய விண்டோஸை அழிக்கும் முன், அதன் மேல் எது நிற்கிறது என்று பாருங்கள்

கேள்வி: "ஒரே கணினியில் விண்டோஸ் 7-உம் விண்டோஸ் 10-உம் வைத்திருக்கிறேன். 7 இனித் தேவையில்லை. அது இருக்கும் டிரைவை ஃபார்மேட் செய்தால் போதுமா, வேறு ஏதாவது கெட்டுப்போகுமா?"

போதாது, கெட்டுப்போகவும் கூடும். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே காரியத்தை 2015-இல் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிட்டு அதன் பலனை மூன்று மாதம் அனுபவித்தவள் நான். உங்கள் பிழைப்பு அந்த ஒரு கணினியை நம்பி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும், இதில் உள்ள எச்சரிக்கையால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் வராது.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பேச்சு தமிழ்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தமிழ்வழிப் பள்ளிகளின் வினாத்தாள் ஆகியவை தமிழிலும், பஞ்சாயத்துக்கும் வில்லேஜ் ஆபீஸுக்கும் போகும் மனுக்கள் பெரும்பாலும் மலையாளத்திலும் வரும். அப்போது கடையில் இருந்த ஒரே கணினியில் சி டிரைவில் விண்டோஸ் எக்ஸ்பியும், பிறகு சேர்த்த விண்டோஸ் 7 இன்னொரு டிரைவிலும் இருந்தன. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. ஹார்டு டிஸ்க்கிலும் இடம் இல்லை. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் பழையதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை, செய்த முறைதான் தவறு.

விண்டோஸ் 7-க்குள் இருந்துகொண்டு, டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து எக்ஸ்பி இருந்த பகுதியின் மேல் வலது கிளிக் செய்தபோது, ஃபார்மேட், டெலீட் இரண்டும் மங்கலாகவே தெரிந்தன, அழுத்த முடியவில்லை. அந்த மறுப்புதான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை என்பதை நான் உணரவில்லை. நகரத்தில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தேன். அவர் டிஸ்க்கைப் பிரிக்கவும் அழிக்கவும் உதவும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளின் சிடி ஒன்றைப் போட்டு ஐந்தே நிமிடத்தில் அந்தப் பகுதியை ஃபார்மேட் செய்தார். மறுபடி கணினியைப் போட்டபோது, விண்டோஸ் எழவில்லை, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி மட்டும் வந்தது. "சேச்சி, மொத்தமாக ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார் அவர். விண்டோஸ் 7 டிரைவில் பதினொரு வருட வேலை இருந்தது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். எக்ஸ்பி இருக்கும் கணினியில் விண்டோஸ் 7-ஐ வேறு டிரைவில் நிறுவினால், 7-இன் கோப்புகள் அந்த டிரைவுக்குள் போகும்; ஆனால் கணினியை எழுப்பும் பூட் மேனேஜரும், எந்தெந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும், ஏற்கெனவே 'ஆக்டிவ்' என்று, அதாவது கணினி எழும்போது முதலில் தேடும் இடம் என்று, குறிக்கப்பட்ட பழைய பகுதியில்தான் போய் உட்காரும். புது வீட்டில் குடியிருந்தாலும் அதன் சாவி பழைய வீட்டு மாடத்தில் தொங்குவது போன்ற ஏற்பாடு இது. பழைய வீட்டை இடித்தபோது சாவியும் போய்விட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட் இதை வெளிப்படையாகவே எழுதிக் காட்டும், ஆனால் பெயர்கள் குழப்பமானவை. விண்டோஸ் கோப்புறை இருக்கும் பகுதியை அது 'பூட்' என்கிறது; பூட் கோப்புகள் இருக்கும் பகுதியை 'சிஸ்டம்' என்கிறது. சாதாரணமாக யாரும் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ். என் எக்ஸ்பி பகுதியின் கீழே 'சிஸ்டம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தேன், பொருள் புரியவில்லை.

மீட்டது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பொள்ளாச்சியில் இருக்கும் என் தோழி விண்டோஸ் 7 டிவிடியைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து எழுப்பி, ரிப்பேர் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து, காலியாகக் கிடந்த பழைய பகுதி ஆக்டிவ் ஆகத்தான் இருக்கிறதா என்று டிஸ்க்பார்ட் வழியாகப் பார்த்தோம். பிறகு பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அதற்குள் மறுபடி எழுதி, பூட்செக்ட் கட்டளையால் அந்தப் பகுதியின் தொடக்கக் குறிமுறையையும் சரிசெய்தோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறித் தெரியும், சி என்று நாம் நினைப்பது அங்கே டி ஆக இருக்கலாம். ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும். என் விண்டோஸ் 7 லாஜிக்கல் பகுதியில், அதாவது வேறொரு பகுதிக்குள் அமைந்த உட்பிரிவில், இருந்ததால் அதை ஆக்டிவ் ஆக்க முடியாது. ஆகவே பூட் கோப்புகள் பழைய இடத்திலேயே இருந்தாக வேண்டியிருந்தது. இரவு பதினொன்றரைக்குக் கணினி எழுந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வந்து, மூத்த மகளுக்கு அடித்த பத்திரிகையின் வாசகத்தையே இளைய மகளுக்கும் போட வேண்டும் என்றார். கோப்பைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒன்றும் புரியாத வரிகள் நின்றன. என் பழைய கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் செய்தவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அவற்றில் ஒன்றான பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிகூட அரைப்புள்ளிக் குறியில்தான் இருக்கும். எழுத்துருக் கோப்பு இல்லையென்றால் உள்ளே கிடப்பது வெறும் ஆங்கிலக் குறிகள்தான். அவை எல்லாம் எக்ஸ்பியின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருந்தன. மலையாளத்துக்கு வைத்திருந்த ஐ.எஸ்.எம். எழுத்துருக்களும் அங்கேதான் இருந்தன. என் கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்திருந்த நான், அவற்றைப் படிக்க வைக்கும் எழுத்துகளைப் பிரதி எடுக்கவில்லை.

பாமினி போன்று எங்கும் புழங்குபவை எளிதில் திரும்பக் கிடைத்தன. மலையாள எழுத்துருக்கள் ஒரு வாரத்தில் கிடைத்தன. ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. அது ஒரு விற்பனையாளர் தன் மென்பொருளோடு சேர்த்து விற்ற எழுத்துரு. எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற ஒழுங்கு அவருக்கே உரியது. இணையத்தில் உள்ள மாற்றிகள் எதுவும் அதை அறியவில்லை. அந்த எழுத்துருவில் வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்காக நான் தட்டச்சு செய்திருந்த வம்சாவளிப் புத்தகம் இருந்தது. அச்சான பிரதி ஒன்றை அவர்களிடமிருந்து வாங்கி வந்து, 112 பக்கத்தையும் யுனிகோடில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கிய என் அப்பா, தாளில் அடித்தது தாளோடு இருக்கும் என்பார். அந்த மூன்று மாதமும் அவர் சொன்னது நினைவில் வந்துகொண்டே இருந்தது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ஆளுக்கொரு எழுத்துரு ஒழுங்கை உண்டாக்கி, அதை எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களிடம் விற்றவர்கள், விற்ற பிறகு எழுத்து அட்டவணையைக்கூட வெளியிடவில்லை. என் கடையில் ஒரு எழுத்துரு போனது. எத்தனை கடைகளில் எத்தனை ஊர்களின் மலர்களும் வரலாறுகளும் இப்படிப் படிக்க முடியாமல் கிடக்கின்றனவோ என்று எண்ணினால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உங்கள் கணினிக்கு வருகிறேன். கணினி எழுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதலில் அது பழைய பயாஸ் முறையில் எழுகிறதா, புதிய யு.இ.எஃப்.ஐ. முறையிலா என்று பாருங்கள்; விண்டோஸ் 10-இல் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் அது தெரியும். பழைய முறை என்றால் நான் சொன்ன ஆபத்து அப்படியே உங்களுக்கும் பொருந்தும். 7 இருக்கும் பகுதியின் கீழே 'சிஸ்டம்' என்றிருந்தால், அதை அழிக்கும் முன் விண்டோஸ் 10 இருக்கும் பகுதிக்கு, அது பிரைமரி ஆக (உட்பிரிவாக இல்லாத தனிப் பகுதியாக) இருந்தால், பிசிடிபூட் வழியாகப் பூட் கோப்புகளை எழுதி, அதை ஆக்டிவ் ஆக்கி, கணினியை மறுபடி எழுப்பிப் பார்த்து, 'சிஸ்டம்' என்ற சொல் இடம் மாறிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 டிவிடியோ பென்டிரைவோ கையில் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். யு.இ.எஃப்.ஐ. முறை என்றால் இ.எஃப்.ஐ. என்ற பெயரில் ஒரு சிறிய பகுதி தனியாக இருக்கும். அது பழையதன் மிச்சம் போலத் தோன்றினாலும் எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. புதியதை எழுப்புவதும் அதுதான். புதிய லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கவும் கூடும். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் தொடக்க அமைப்புகளைக் காட்டும் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதிக்குப் போய் விண்டோஸ் 7 வரியை நீக்கலாம். அது திரையில் வரும் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுக்குமே தவிர பழைய விண்டோஸின் கோப்புகள் எதையும் தொடாது. அதனால்தான் அதை முதலில் செய்யச் சொல்கிறேன். அதன் பிறகு ஒரு மாதம் முழுவதும் 10-இலேயே எல்லா வேலையையும் செய்யுங்கள். பிரின்டர், ஸ்கேனர், வங்கி வேலை, தமிழ் விசைப்பலகை, பழைய கோப்புகள் என்று ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். எது இல்லை என்று தெரிகிறதோ அதைப் பழைய பகுதியிலிருந்து எடுத்து வையுங்கள். ஃபான்ட்ஸ் கோப்புறையை மட்டும் ஒரு மாதம் காத்திருக்காமல் இன்றே முழுவதுமாகப் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தால்தான் அது பிரதி.

நீக்க வேண்டியது விண்டோஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான லினக்ஸாக இருந்தால் வரிசை வேறு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் லினக்ஸிலேயே பாடம் நடப்பதால், ஆசிரியர்கள் பலரின் லேப்டாப்பில் இரண்டும் இருக்கும். லினக்ஸ் பகுதியை நேரடியாக அழித்துவிட்டு, லினக்ஸின் எழுப்பும் நிரலான கிரப் தன் கோப்புகளைக் காணாமல் காட்டும் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. முதலில் விண்டோஸ் தானாக எழும்படி செய்துவிட வேண்டும்; பயாஸ் முறையில் பூட்ரெக் கட்டளையால் டிஸ்க்கின் தொடக்கப் பதிவான எம்.பி.ஆரைத் திருத்துவது, யு.இ.எஃப்.ஐ. முறையில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலில் வைப்பது. லினக்ஸைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

காலியான இடத்தைப் புதிய டிரைவோடு சேர்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். விண்டோஸின் சொந்தக் கருவி வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்கும். இடப்பக்கம் இருந்தால் முழுப் பகுதியையும் நகர்த்த வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். நான் நகர்த்தவில்லை. அந்த இடத்தைக் கோப்புகள் வைக்கும் டிரைவாகவே விட்டுவிட்டேன்.

இவ்வளவு எதற்கு, புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். வசதி இருந்தால் அதுவே நல்லது. பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிடலாம். நான் பொறியாளரும் அல்ல. இதைவிடச் சுருக்கமான வழி தெரிந்தவர்கள் இருக்கலாம். ஆனால் "ஃபார்மேட் செய்துவிடுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதுபவர்கள், கேட்டவரின் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தையாவது கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, விண்டோஸ் 7 இருக்கும் பகுதியின் கீழே அடைப்புக்குறிக்குள் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 'சிஸ்டம்' அல்லது 'ஆக்டிவ்' என்று இருந்தால் எதையும் அழிக்காமல், அந்தத் திரையில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.