தொடக்க வகுப்பில் உவமையும் உருவகமும்: கேள்வி பதில்

(பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் டெல்டா மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை.)

மன்னார்குடி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை: ஐயா, உவமையை இலக்கணத்திலிருந்து தொடங்குவதா, எடுத்துக்காட்டிலிருந்தா?

பொருளிலிருந்து தொடங்குங்கள். தஞ்சாவூர்ப் பொம்மை ஒன்றை மேசைமேல் வைத்துத் தள்ளிவிட்டு, 'இதைப் போல இருப்பவர் யார்?' என்று கேளுங்கள். எதற்கெடுத்தாலும் தலையாட்டும் மாமாவை ஒரு குழந்தை சொல்லும். கபடியில் எத்தனை முறை விழுந்தாலும் எழுந்துவிடும் அண்ணனை இன்னொன்று சொல்லும். ஒரே பொம்மை இரண்டு உவமைக்கு இடம் தருவதால், 'எந்த வகையில் ஒத்திருக்கிறது?' என்ற கேள்வி தானாகவே எழுகிறது. என் அனுபவத்தில், இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய குழந்தைக்கு இலக்கணம் பிறகு சுமையாவதில்லை. தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்கு வகையில் உவமை தோன்றும் என்கிறது. அந்தப் பெயர்களைச் சொல்லாமலேயே அவற்றை நான்கு கேள்விகளாக்கலாம்: என்ன செய்கிறது, என்ன தருகிறது, என்ன வடிவம், என்ன நிறம்? பொம்மை சாய்ந்து எழுவது செயல். கேட்காமலே உதவும் பக்கத்து வீட்டுப் பாட்டியை வாய்க்கால் தண்ணீருக்கு ஒப்பிடுவது பயன். பிறையை அரிவாளுக்கு ஒப்பிடுவது வடிவம். நாற்றங்காலைக் கிளிக்கு ஒப்பிடுவது நிறம். வடிவமும் நிறமும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய கதிர் தலைசாய்வதைப் பணிவுக்கு உவமையாக்குவது அழகுதான் என்றாலும், பணிவு கண்ணுக்குத் தெரியாதது. அது நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.

கும்பகோணம், இரண்டாம் வகுப்புச் சிறுமியின் தாய்: 'எனக்கே காது குத்தாதே' என்று விளையாட்டாகச் சொன்னேன். 'உனக்குத்தான் ஏற்கெனவே குத்தியிருக்கே அம்மா' என்கிறாள். இவளுக்குப் புரியும் திறன் குறைவோ?

கவலைப்பட வேண்டாம். அந்த வயதில் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது இயல்பே. உங்கள் மகள் சொன்னதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. மரபுத்தொடர் உவமையைவிடக் கடினமானது. உவமையில் 'போல' என்ற சொல் வழிகாட்டுகிறது, மரபுத்தொடரிலோ அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஆகவே பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்விக்காமல், யாராவது புளுகும்போது அந்த இடத்திலேயே அத்தொடரைச் சொல்லிக் காட்டுங்கள். நேர்ப்பொருளை ஒரு படமாகவும் உட்பொருளை இன்னொரு படமாகவும் வரையச் சொன்னால் அவளே சிரிப்பாள்.

திருத்துறைப்பூண்டி, நான்காம் வகுப்பு ஆசிரியர்: உவம உருபுகளைப் பாடமாக ஒப்பிக்கச் சொல்லலாமா?

நன்னூல் சொல்லும் போல, புரைய, ஒப்ப முதலிய பன்னிரண்டும் உயர்வகுப்புக்கு உரியவை. இப்போதைக்குப் 'போல' போதும். பேச்சில் வரும் 'மாதிரி'யையும் தடுக்காதீர்கள்.

அதே ஆசிரியர்: அப்படியானால் உருவகம்?

தாமரை போன்ற முகம் என்பது உவமை. முகத்தாமரை என்பது உருவகம். குழந்தைகளுக்கு இதை விளையாட்டாக்கலாம்: 'தம்பி குரங்கு போலத் தாவுகிறான்' என்பதில் 'போல'வை நீக்கி, தம்பியையே குரங்காக்கி, 'எங்கள் வீட்டுக் குரங்கு வந்துவிட்டது' என்று சொல்லச் செய்யுங்கள். விளையாட்டு வம்பாக மாறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பாபநாசம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை: வயலைப் பற்றி எழுதச் சொன்னால் வகுப்பே 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' என்று எழுதுகிறது. ஒரு மாணவன் மட்டும், 'நட்ட வயல், மொட்டை போட்ட தலையில் முடி முளைத்தது போல இருந்தது' என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் கொடுக்கலாமா?

முழு மதிப்பெண் கொடுங்கள். கம்பளத்தை அந்த வகுப்பில் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ தெரியவில்லை. நடவு முடிந்து சில நாளில் தண்ணீர் இடையிடையே தெரிய நாற்று ஊசியூசியாக நிற்பதை இவன் வரப்பில் நின்று பார்த்திருக்கிறான். சம்பா பால்பிடிக்கும்போது அதே வயலுக்கு அழைத்துச் சென்று, 'இப்போது எதைப் போல இருக்கிறது?' என்று மீண்டும் கேளுங்கள்.