பூங்கா இடத்துக்குப் பட்டா காட்டுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஊராட்சி எல்லைக்குள் வரும் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 2009-இல் மனை வாங்கி வீடு கட்டினோம். மொத்தம் 5 ஏக்கர், 80 மனைகள். அப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். இப்போது மாடிக்கு மாடி வாடகைக் குடித்தனம்; 300 குடும்பங்கள் இருக்கும். வரைபடத்தில் பூங்கா, பள்ளிக்கூடம் என்று காட்டியிருந்த இரண்டு இடங்களிலும் லேஅவுட் போட்டவரின் மகன் இப்போது கல் நடுகிறார். “பட்டா எங்க அப்பா பேர்லதான் இருக்கு. மூணு வருஷத்துல அரசு எடுக்கலைன்னா எங்களுக்கே சொந்தம்னு சட்டம் இருக்கு” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விலையில் சலுகையும் தருவாராம். இதைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சலுகை விலை என்றதும் உங்களில் யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் மொத்தமும் கெட்டுவிடும். எதிர்க்கக்கூடிய ஆட்களைத் தேடிப் பிடித்து முதலில் அவர்களுக்கே விற்பது பழைய தந்திரம். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் நாளை வழக்குப் போடும்போது, “செயலாளரே ஒரு மனை வாங்கியிருக்கிறாரே” என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். இந்தத் தந்திரத்துக்கு ஒரு தம்பியும் உண்டு: “பூங்காவில் ஒரு மூலையில் பிள்ளையார் கோயில் கட்டித் தருகிறோம்” என்பார்கள். மூலையில் பிள்ளையார் வந்ததும் மீதி இடத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

சரி, பூங்காவுக்கு வருவோம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். உங்கள் 5 ஏக்கரில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போயிருந்தால், பூங்கா சுமார் 35 சென்ட் இருக்க வேண்டும். அதாவது ஆறு கிரவுண்டுக்கு மேல். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்த பிறகு உங்கள் பக்கம் கிரவுண்டு என்ன விலை என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மகன் ஏன் இத்தனை வருடம் கழித்துக் கல்லோடு வந்தார் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பட்டா அவர் அப்பா பெயரில் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தானப் பத்திரத்தை வாங்கிக் கோப்பில் கட்டி வைத்துவிட்டு, பட்டாவை மாற்றாமலே விட்டுவிடுவது நம் அலுவலகங்களின் நீண்டகாலப் பழக்கம். வீட்டு மனைக்குப் பெயர் மாற்ற உங்களை எத்தனை முறை அலைய விட்டார்கள்? தங்களுக்கு இலவசமாக வந்த நிலத்துக்கு ஒரு விண்ணப்பம் போட அவர்களுக்குக் கை வரவில்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, பதிவான தானப் பத்திரத்தை அவர் ஒன்றும் செய்துவிட முடியாது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்தத் தானப் பத்திரத்தை. சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனை பிரித்த பிறகு உட்பிரிவு எண் மாறியிருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் 2009-க்கு முந்தைய பத்திரம் வராது. உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் பழைய எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் போடுங்கள். ஊராட்சிப் பகுதியில் தானம் பெற்றவர் இடத்தில் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் என்றுதான் இருக்கும். ஊராட்சித் தலைவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை” என்று திரும்பிவிடாதீர்கள்.

பத்திரம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, உள்ளாட்சிக்குச் சொந்தமான இடத்தை அனுமதியில்லாமல் மாற்றும் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது. பத்திர நகலோடு சார்பதிவாளருக்கு ஆட்சேப மனு கொடுங்கள். பத்திரம் கிடைக்கவில்லை என்றாலும் துவண்டு போக வேண்டாம். அங்கீகரித்த வரைபடத்தில் பூங்கா என்றிருக்கும் இடம் மனையாக அனுமதி பெறாத இடம். அதே பிரிவு அங்கீகாரமில்லாத மனையையும் பதியக்கூடாது என்கிறது. மீறிக் கட்ட ஆரம்பித்தால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தவும் இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அவர்களே வந்து செய்வார்கள் என்று சொல்லவில்லை.

பூங்கா என்று ஒதுக்கியதைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூரு வழக்கில், கொடுத்தது செல்லாது என்றும், அந்தப் பகுதிவாசிகள் வழக்குத் தொடரலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. முத்தப்பா வழக்கு என்றால் எந்த வக்கீலுக்கும் தெரியும். தெரியாத வக்கீலிடம் வழக்குக் கட்டைக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த மூன்று வருடக் கதை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் உங்களைப் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு ஒரு பகுதிக்கு விரிவு வளர்ச்சித் திட்டம் போட்டு, யாரோ ஒருவருடைய நிலத்தைச் சாலைக்கு, பள்ளிக்கு என்று குறித்துவிட்டு, மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த அறிவிப்பு வெளியிடாவிட்டால், அந்த நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். நியாயம்தான்; அவர் கேட்டுக் குறிக்கவில்லையே. உங்கள் பூங்காவை அரசு குறிக்கவில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்க லேஅவுட் போட்டவரே வரைந்து கொடுத்தது அது. அதைக் காட்டித்தான் 80 மனைகளையும் விற்றார், விலையிலும் சேர்த்தே வாங்கினார். அங்கே அரசு கையகப்படுத்த என்ன இருக்கிறது?

பள்ளிக்கூட இடம் அப்படியல்ல. அதில் அவருக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. பழைய மனைப்பிரிவுகளில் பள்ளி, கடை என்று காட்டிய இடங்களைத் தானமாகக் கொடுக்காமல், உரிமையைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் நிறைய. அப்படியானால் விற்கும் உரிமை அவருக்கு உண்டு, ஆனால் பள்ளிக்கூடம் கட்டுபவருக்கு மட்டும். வீட்டு மனையாக மாற்ற வேண்டுமானால் அங்கீகரித்த அலுவலகத்திடம் திருத்திய வரைபடம் வாங்க வேண்டும். உங்கள் போராட்டம் அந்தக் கோப்பில்தான் நடக்க வேண்டும். 80 வீட்டுக்குப் போட்ட கணக்கில் இப்போது 300 குடும்பம். நகர்ப்புறத்துக்கு வைத்திருக்கும் அளவுப்படி ஆளுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 1,62,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் 13 லாரிக்கு மேல். தண்ணீர்த் தொட்டிக்கும் அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் அந்த ஒரு துண்டை விட்டால் வேறு இடம் ஏது? ஆட்சேபத்தில் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

இதையெல்லாம் அரசாங்கமல்லவா கூட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். 2011-க்குப் பிறகு எடுத்து முடித்த மக்கள்தொகைக் கணக்கு எதுவும் கையில் இல்லாமல்தான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. பத்துக் கோப்பும் ஒரே ஏரிக்கரைச் சாலையில்தான் வந்து விழும் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. உங்கள் பின்பக்கம் வரும் புது மனைப்பிரிவுகளின் பரப்பை ஒருமுறை பாருங்கள். 2 ஏக்கர் 40 சென்ட், 2 ஏக்கர் 45 சென்ட் என்று இருக்கும். 10,000 சதுர மீட்டர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். அதைத் தொடாமல் நிலத்தை வெட்டிவிட்டால், பூங்காவுக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிட்டுப் போய்விடலாம். 74 சென்ட்டுக்குள் வெட்டினால் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளும் விளையாட உங்கள் பூங்காவுக்குத்தான் வரப்போகிறார்கள்.

புரோக்கர் யாராவது, “வரன்முறைப்படுத்தித் தருகிறேன்” என்று சொன்னால், அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் அந்த 2017 திட்டம் 20.10.2016 வரை விற்ற மனைகளுக்கானது என்று சொல்லி அனுப்புங்கள். பழைய தேதியிட்ட அக்ரிமெண்ட் ஒன்றை நீட்டினால், பதிவு எண் எங்கே என்று கேளுங்கள்.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன். அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நீங்களே கேளுங்கள். இதற்கு ஏஜெண்ட் தேவையில்லை. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்ததைக் காட்டி, “இது இனி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்)” என்று ஒருவரும் “இல்லை, டி.டி.சி.பி.” என்று ஒருவரும் கைகாட்டினால், அன்று ஒப்புதல் கொடுத்த அலுவலகத்தை விடாதீர்கள், கோப்பு அங்கேதான். அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்ற வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கும்படி ஒரு மனு. அதன் நகல் வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும். எல்லாம் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) போகட்டும். மனுவில் நகரின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு எண், வரைபட அனுமதி எண் மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் “விவரம் போதாது” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் அங்கே அஸ்திவாரம் எழும்பியிருக்கும்.