தம்பி, மதுரையிலிருந்து மோடம் வேண்டாம்

உசிலம்பட்டியிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, வீடு கிடைத்துவிட்டது. நெட் கனெக்‌ஷன் வாங்க வேண்டும். இங்கே ரூட்டர் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. கூட்டாளி அடுத்த மாதம் மதுரையிலிருந்து வருகிறான், டவுன்ஹால் ரோட்டில் வைஃபை மோடம் ஒன்று வாங்கிவரச் சொல்லவா? அப்புறம், எந்த கம்பெனி நல்லது, குளிருக்கு என்ன ஜாக்கெட், இட்லி அரிசி எங்கே கிடைக்கும்?"

ஜாக்கெட்டைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இட்லி அரிசி ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். எந்த கம்பெனி என்பதை உங்கள் கட்டடத்துக்கு எந்த லைன் வருகிறதோ அதுதான் முடிவு செய்யும், பக்கத்து வீட்டில் கேளுங்கள். மோடத்துக்கு மட்டும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த மோடத்தை நான் ஏற்கெனவே சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

2009 அக்டோபர். அதே ஜெர்மனியில், கெம்னிட்ஸில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "அங்க போய் எதுக்குத்தா யூரோல செலவு பண்ணிக்கிட்டு?" என்று அப்பா டவுன்ஹால் ரோட்டில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வைஃபை மோடம் ஒன்று வாங்கிவந்தார். பெட்டியில் எடை கூடிவிட்டது. மாவடு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு மோடத்தை உள்ளே வைத்தோம். அம்மா அதை இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

அங்கே போய்ப் பார்த்தால் சுவரில் டெலிபோன் பிளக் பாயின்ட்டே வேறு மாதிரி. டி.ஏ.இ. என்பார்கள், பக்கத்தில் பக்கத்தில் மூன்று வாய் இருக்கும். நம்மூர் ஒயரின் கிளிப் அதில் நுழையாது. கடைக்குப் போய் வேறு ஒயர் வாங்கிவந்து, போனையும் நெட்டையும் பிரிக்க நெட் கம்பெனி கொடுத்த ஸ்பிளிட்டரில் மாட்டினேன். பவர் விளக்கு பச்சையாக எரிந்தது. டி.எஸ்.எல்., அதாவது டெலிபோன் லைனில் வரும் நெட்டுக்கான விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ராத்திரி ரெண்டு மணி வரை ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் லேபில் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பெயர் ஏ.டி.எஸ்.எல். என்று ஒன்றாக இருந்தாலும் இந்தியாவில் அனெக்ஸ் ஏ, ஜெர்மனியில் அனெக்ஸ் பி. அங்கே ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் போன் கீழ் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டதால் இன்டர்நெட்டை அதற்கு மேலே தள்ளிவிட்டார்கள். என் மோடம் விடிய விடியத் தேடினாலும் கிடைக்காது.

இப்போது காலம் மாறிவிட்டது, ஆனால் சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருவது டெலிபோன் லைனா, டி.வி. கேபிளா, ஃபைபரா என்று முதலில் கேளுங்கள். மூன்றுக்கும் மோடம் வேறு வேறு. லைனில் வருவதைப் பிரித்தெடுப்பது மோடம், அதை வீட்டுக்குள் பங்கு வைப்பது ரூட்டர். பெரும்பாலும் ரெண்டும் ஒரே டப்பாவில் இருப்பதால்தான் இந்தக் குழப்பமே. கம்பெனி மோடத்துக்குப் பின்னால் நம்மூர் ரூட்டரை மாட்டினால் வேலை செய்யும்தான். அதற்காக ஒருத்தன் பெட்டியில் அந்த எடையைப் போடுவதா? மாவடு வாங்கிவரச் சொல்லுங்கள்.

கம்பெனிக்காரர்கள் மாத வாடகைக்கு ரூட்டர் தருகிறேன் என்பார்கள். கட்டாயம் இல்லை. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே சட்டமே இருக்கிறது, எந்த ரூட்டரை மாட்டுவது என்பது உங்கள் இஷ்டம். அதற்கான யூசர்நேம், பாஸ்வேர்டை அவர்கள் தந்தே ஆக வேண்டும். ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்று அங்கே ஒரு ரூட்டர் உண்டு, பழையது ஒன்று யாரிடமாவது வாங்கினால் பல வருடம் உழைக்கும். பழையதை வாங்கும்போது அது உங்கள் லைனுக்கு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வாங்கியதை அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். கெம்னிட்ஸ் வீட்டின் கான்கிரீட் சுவரில் ஆணியே இறங்காது, வைஃபை எப்படி இறங்கும்?

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வாசல் பெல்லில் உங்கள் பெயரை ஒட்டிவிட்டீர்களா? லெட்டர் பாக்ஸில்? எந்தப் பெயரை?

நமக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஜெர்மன்காரனுக்கு ஆளே குடும்பப் பெயர்தான். நான் பெல்லில் என் பெயரை, அழகாக, தமிழிலும் சேர்த்து எழுதி ஒட்டியிருந்தேன். கான்ட்ராக்டில் இருந்தது அப்பா பெயர். டெக்னீஷியன் வந்து, அப்பாவைத் தேடிவிட்டு, "நீங்கள் வீட்டில் இல்லை" என்று சீட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே காலையிலிருந்து குளிக்காமல்கூடக் காத்திருக்கிறேன். பாஸ்வேர்டு வந்த கடிதமும் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. இப்படி ரெண்டு தடவை. ஐந்து வாரம். கடைசியில் வீட்டுக்காரப் பாட்டி என் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு அப்பா பெயரை எழுதி ஒட்டினார். அந்த வாரமே கனெக்‌ஷன் வந்தது.

அந்த ஐந்து வாரமும் அம்மா மதுரை வில்லாபுரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்காருவார். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். எனக்கு லேபில் இடம் கிடைக்கும்போது அங்கே கடை மூடும் நேரம். ஹெட்போனைத் தலையில் மாட்டினால் பூ நசுங்குகிறது என்று தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு பேசுவார். "சாப்ட்டியா"வைத் தாண்டி ஒன்றும் பேசியதில்லை.

இன்றைக்கு டெக்னீஷியன் சொன்ன நாளில் வராவிட்டால் நீங்கள் நஷ்டஈடு கேட்கலாம். 2021 டிசம்பரில் வந்த சட்டப்படி 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அது. ஆனால் பெல்லில் பெயர் இல்லையென்றால் தப்பு உங்கள் பக்கம். கான்ட்ராக்டை 24 மாதத்துக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது முடிந்த பிறகு ஒரு மாத நோட்டீஸில் வெளியே வரலாம், இதுவும் அதே சட்டம்தான். முன்பெல்லாம் தேதியைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம் கட்டித் தொலைக்க வேண்டியிருந்தது. நான் கட்டியிருக்கிறேன்.

நெட் வந்ததும் டொரண்டில் தமிழ்ப் படம் இறக்காதீர்கள். "பத்து வருஷமா இறக்கிக்கிட்டுத்தான் இருக்கோம், ஒண்ணும் ஆகாது தம்பி" என்று சொல்ல அங்கே நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடிதம் வரும்போது அவர்களில் ஒருத்தர் போனை எடுக்க மாட்டார். டொரண்டில் நீங்கள் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். படத்தின் உரிமைக்காரர்கள் அதைத்தான் பிடிக்கிறார்கள். ஐ.பி. முகவரியை வைத்து, கோர்ட் உத்தரவு வாங்கி, கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வக்கீல் கடிதம் அனுப்புவார்கள். அதற்கு அப்மானுங் என்று பெயர். எனக்குத் தெரிந்த மேலூர்ப் பையனுக்கு எண்ணூறு யூரோ கேட்டு வந்தது. படம் பார்த்தது வார இறுதியில் வந்து தங்கிய நண்பன். அப்படி வந்தால் கடிதத்தோடு இருக்கும் உறுதிமொழித் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாமல், நுகர்வோர் மையத்துக்கு, ஃபெர்ப்ராவுஹர்சென்ட்ராலே என்பார்கள், போய்க் கேளுங்கள். பாஸ்வேர்டை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள். கஞ்சம் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

இதை நான் லீவில் வந்து, வில்லாபுரம் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடிக் காற்றில் ஒயர் ஆடுகிறது. காலையில்தான் கேபிள்காரத் தம்பிக்கு போன் போட்டோம். மதியம் ஏணியோடு டி.வி.எஸ்.ஸில் வந்துவிட்டார். கம்பத்திலிருந்து முருங்கை மரத்தின் மேலாக ஃபைபரை இழுத்து, மேல்தோலை உரித்து, முடி மாதிரி இருந்த இழையைத் துடைத்துப் பச்சை முனையில் செருகினார். சிவப்பு விளக்கு அணைந்தது. இழையில் வரும் வெளிச்சத்தின் அளவைப் பார்த்து, மைனஸ் 21 காட்டுது, அருமையா இருக்குக்கா என்றார். யார் பெயர் என்று பெல்லைப் பார்க்கவே இல்லை. ஜெர்மனியில் எல்லாமே ஒழுங்கு என்று ஊருக்கு வந்து அளக்கிறவர்களை இந்த மாடிக்குக் கூட்டிவர வேண்டும்.

அந்தப் பழைய மோடத்தை 2010 லீவில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா என் விளக்கம் எதையும் கேட்கவில்லை. வீட்டு பி.எஸ்.என்.எல். லைனில் செருகினார். மூன்று நிமிடத்தில் விளக்கு நின்று எரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆறு வருடம் அதில்தான் வீட்டில் நெட் ஓடியது. இன்றைக்கு கேபிள்காரத் தம்பி ஸ்டேண்டில் தூசியோடு இருந்ததைப் பார்த்து, "ஐயா, இந்தப் பழசைக் கழட்டிப் போட்டுரவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்யா," என்றார் அப்பா. "பொண்ணு ஜெர்மனியில இருந்து கொண்டாந்தது."